சர்பத் அல்ல

ஜூன் 1, ஞாயிறு

விடிந்ததிலிருந்து புழுக்கம். மின்விசிறி சுற்றுகிறது, காற்று இல்லை. பருவமழை "எந்த நேரமும்" என்று பேப்பரில். எந்த நேரமும் என்பது ஒரு செய்தியா? நான் இன்னும் பத்திரிகை டெஸ்கில் இருந்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பேன்.

லேக் மார்க்கெட். இன்று ஜாமாய் ஷஷ்டி, மாமியார்கள் மாப்பிள்ளையை உட்காரவைத்து விசிறிக்கொண்டே சோறு போடும் நாள். இலிஷ் மீன் கடைப் பக்கம் போகவே முடியவில்லை. லிச்சி, மாம்பழம், தயிர்ப் பானை, எல்லாம் ஜாமாய்களுக்கு. கந்தராஜ் எலுமிச்சை விற்பவர் எனக்கு எத்தனை ஜாமாய் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். "தாஹொலே லேபு கே காபே?" அப்படியானால் எலுமிச்சையை யார் சாப்பிடுவது. இந்த ஊர்ப் பேச்சில் தண்ணீரையும் 'சாப்பிட'த்தான் செய்வார்கள். "ஆமி காபோ" என்றேன், நான்தான். பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

வாங்கியது: கந்தராஜ் நாலு. பாத்தி லேபு, அதாவது நம் சின்ன எலுமிச்சை, ஒரு கை. சோடா. புது ஐஸ் தட்டு (பழையது விரிசல்). தமிழ்க் கடையில் கறிவேப்பிலை, ரவை. கண் சொட்டு மருந்து மறந்துவிட்டேன்.

மத்தியானம் அபி. தம்பி சங்கரனின் மகள், போன வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் வேலை கிடைத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தவள். செக்டர் ஃபைவில் ஆபீஸ், சால்ட் லேக்கில் இரண்டு பெண்களோடு அறை. ஞாயிறு என்றால் இங்கே. வந்த புதிதில் ஆட்டோவில் ஏறவே பயந்தாள். இப்போது ஆட்டோக்காரரிடம் வங்க மொழியில் சண்டை போடுகிறாள், என்னைவிட நன்றாக.

தமிழ்ச் சங்கத்து இளைஞர் அணி வாட்ஸப்பில் அறிவிப்பு: "எலுமிச்சை வகை கொண்டு வீட்டிலேயே எளிதாகச் செய்யும் கோடைப் பானம். ஒரு நிமிட வீடியோ அனுப்புங்கள்." அபி என்னைச் செய்யச் சொன்னாள். ஞாயிறு மாலை நான் போட்டுக்கொள்ளும் ஒரு தம்ளரைத் தவிர எனக்கு வேறு பானம் தெரியாது என்றேன். அதையே செய்யுங்கள் என்றாள். அறிவிப்பை இன்னொரு முறை படித்தேன். எலுமிச்சை வகை, சரி. வீடு, சரி. எளிது, சரி. கோடை, மிகவும் சரி.

இத்தனை வருஷமும் அளந்ததில்லை. கேமராவுக்காக இன்று அளந்தேன், இருமல் மருந்து மூடியால்:

ஜின், ஆறு மூடி.
பாத்தி லேபு சாறு, இரண்டு மூடி.
சர்க்கரைப் பாகு, இரண்டு மூடி. (சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதி. கரைந்தால் போதும், கம்பிப் பதம் கூடாது. ஆறவேண்டும்.)
மூடி போட்ட ஜாம் பாட்டிலில் ஐஸோடு கொட்டி, பாட்டில் கையைக் கடிக்கும்வரை குலுக்கு. வடிகட்டு. மேலே கொஞ்சம் சோடா.
கடைசியில் கந்தராஜ். அது சாறு அதிகம் தராது, அதன் பெருமை முழுக்கத் தோலில். ஒரு துண்டு சீவி, தம்ளருக்கு மேலே மடித்துக் கிள்ளினால் எண்ணெய் தெறிக்கும். பிறகு துண்டை உள்ளே போடு.

வீடு முழுக்க மணம். கீழ் வீட்டு மிட்டு-தி (தி என்றால் அக்கா) ஜன்னல் வழியாக "கோமதி-தி, எத்தனை கந்தராஜை வெட்டினாய்?" என்றாள். அவள் ஜாமாய் வந்திருக்கிறான். என்னிடம் ஒரு கிண்ணம் ஐஸ் கடன் வாங்கினாள்.

வீடியோ எடுக்கும்போது அபி, "தமிழ்ல சொல்லுங்க அத்தை, கந்தராஜ்னா ஊர்ல யாருக்குத் தெரியும்?" ஒரு கணம் யோசித்தேன். நார்த்தங்காய் என்று சொல்லிவிட்டேன். பச்சை, கரடுமுரடு தோல், பார்வைக்கு அப்படித்தான். சரிபார்க்கவேண்டும்.

கடைசியில் நான் இரண்டாவது தம்ளரை எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல்: "எனக்கு ஐஸ் கம்மி, அத்தை." அதை வெட்டவா என்று கேட்டாள். இருக்கட்டும், இயல்பாக இருக்கிறது என்றேன்.

அனுப்பினாள்.

ஜூன் 2, திங்கள்

புழுக்கம், அதே. குழாய்க்காரர் வரவில்லை.

வாரப் பத்தி எழுத உட்கார்ந்தேன் (மழைக்கு முன் தூர்வாராத கால்வாய்கள். ஒவ்வொரு ஜூனிலும் இதே பத்தி, பழி மட்டும் வேறு ஆள் மேல்). போன் விடவில்லை. குழுவில் வீடியோவுக்கு இதயங்கள், கைதட்டல்கள். "மேடம் சூப்பர்." "நார்த்தங்காயில் இப்படி ஒரு யோசனையா!" "என் பையனுக்கு லஞ்சுக்குக் கொடுத்து விடலாமா?"

வீடியோவில் பாட்டிலைக் காட்டி 'இது ஆறு மூடி' என்றதோடு சரி. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதுவதற்குள் ஒருவர்: "அந்தப் பாட்டில்ல இருக்கிறது தண்ணியா மேடம்?"

"தண்ணீர் அல்ல. ஜின். லஞ்சுக்கு வேண்டாம்" என்று எழுதினேன். கேட்டால் சொல்லவேண்டியதுதானே.

"அப்ப தண்ணிதான்" என்று இன்னொருவர். சிரிப்புப் பொம்மை.

பிறகு சிரிப்பு நின்றது. இதயங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. போட்ட இதயத்தைத் திரும்ப எடுக்க முடியும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். காலையில் கைதட்டியவர் மாலையில் "இது குடும்பங்கள் இருக்கும் குழு" என்றார். முன்பே நீர்மோர் வீடியோ அனுப்பியிருந்த அம்மாள் அதையே மறுபடி அனுப்பினார், சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்வதுபோல்.

என்ன தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. "இப்படியா", "இந்த வயசில்", "ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு". ஒரு வாக்கியத்திலும் வினைமுற்று கிடையாது. குற்றச்சாட்டு என்றால் யார், என்ன, எப்போது, எங்கே என்று இருக்கவேண்டும். இது வெறும் மூச்சு.

ஜூன் 3, செவ்வாய்

கண் சொட்டு மருந்து வாங்கியாயிற்று. பத்தி அனுப்பியாயிற்று.

வரதராஜன் போன். சங்கச் செயலாளர், கிடர்பூர் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இனி வ.ரா. இந்த மாத ஆண்டு விழாவில் எனக்கு "மூத்த பத்திரிகையாளர்" என்று பொன்னாடை போடுவதாகப் போன மாதம் இவரேதான் வீடு தேடி வந்து சொன்னார்.

உடம்பு எப்படி, மழை எப்போது, மெட்ரோவில் என்ன கூட்டம். பிறகு: "மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. நம்ம சங்கம் ஃபேமிலியோட வர்ற இடம்."

நானும் ஒரு ஃபேமிலிதான் என்றேன், ஒரே ஆள் ஃபேமிலி.

"அதுக்கில்ல மேடம். ஒரு சின்னத் திருத்தம் போட்டுட்டா முடிஞ்சுது. அது சர்பத்துதான், பாட்டில் சும்மா அலங்காரத்துக்கு, ஜின்னுன்னு சொன்னது தமாஷ்னு. ரெண்டு வரி. உங்களுக்குத் தெரியாததா? பேப்பர்ல தினம் போடறதுதானே."

எரிச்சல் இப்போது எழுதும்போதும் அடங்கவில்லை. திருத்தம் என்பது என்ன என்று இவருக்குத் தெரியுமா? இரண்டாம் பக்கத்தில் மூலையில், நாம் செய்த பிழைக்கு நாமே போடும் பெட்டி. பெயர் தப்பு, ஊர் தப்பு, எண் தப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு போடுவது. சரியாக எழுதியதைத் தப்பு என்று போடுவதற்குப் பெயர் திருத்தம் இல்லை. அந்தப் பெட்டியில் பொய் ஏறினால் மற்ற பக்கங்களை யார் நம்புவது? கட்சிக்காரர்கள், கட்டட முதலாளிகள், ஒரு தடவை போலீஸ்காரர், எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அவர்களாவது பயமுறுத்திக் கேட்டார்கள். இவர் பொன்னாடை காட்டிக் கேட்கிறார்.

சங்கத்து விழா எனக்குப் புதிதா? நன்றியுரை முடிந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராகக் கார் நிறுத்தும் இடத்துக்கு நழுவுவார்கள். "டிக்கி திறந்தாச்சா?" என்று ஒருவர் காதில் ஒருவர். யாருடைய காரின் டிக்கி என்பது அந்தந்த வருஷத்து ஏற்பாடு. காகிதக் கப், மிக்சர். உள்ளே பெண்கள் மிச்ச இனிப்பைப் பொட்டலம் கட்டுவார்கள், தெரியாததுபோல. வ.ரா.வின் கப்பையும் பார்த்திருக்கிறேன்.

கேட்டேன்: "டிக்கியில இருக்கிறதும் சர்பத்துதானா?"

"அது வேற மேடம்."

"என்ன வேற?"

"அது வெளியில."

போனை வைத்தபின் கொஞ்ச நேரம் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குள், சொந்த அடுக்களையில், சொந்தத் தம்ளரில் குடித்தால் மானக்கேடு. தெருவில், காரின் பின்புறத்தில், காகிதக் கப்பில் குடித்தால் ஒழுக்கம்.

ஜூன் 4, புதன்

இன்றைக்கும் மழை இல்லை. குழாய்க்காரர் வந்தார், வாஷர் கொண்டு வரவில்லை, போனார்.

சங்கரன் போன். வீடியோ பாளையங்கோட்டைவரை போயிருக்கிறது. வ.ரா.வின் மருமகளுக்கு யாரோ, அவருக்கு யாரோ, கடைசியில் சங்கரன் வேலைபார்க்கும் கூட்டுறவு வங்கியில் ஒருவர் மேஜைக்கு வந்து "இது உங்க பொண்ணு குரல் மாதிரி இருக்கே சார்" என்று போனை நீட்டினாராம்.

என்னைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. நான் எப்போதோ கைவிடப்பட்ட கேஸ். அவனுக்குத் தொண்டையில் சிக்கியது அந்த ஒரு வரி.

"'எனக்கு ஐஸ் கம்மி'ங்கா. அப்ப என்னக்கா அர்த்தம்? முதல் தடவை குடிக்கிறவளுக்கு ஐஸ் கூட கொறைய தெரியுமா? பழகிருக்கா."

தம்பி வங்கியில் வீணாகிவிட்டான். நிருபராகியிருக்கலாம். ஒரு வரியிலிருந்து இவ்வளவு எடுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உண்மையும் அதுதான், அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஒரு தம்ளர் குடிப்பாள். இருபத்தைந்து வயது, சம்பாதிக்கிறாள், ஒரு தம்ளருக்கு மேல் கேட்டதில்லை. அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

"நீ ஒத்தையா இருந்து கெட்டது போதும்கா. எம் பிள்ளைய விட்டுரு."

நான் கெட்டேன் என்பது எனக்குத் தெரியாது. யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம்.

அவன் முடிவு: ஒன்பதாம் தேதிக்கு அபிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆபீசில் வீட்டிலிருந்து வேலை கேட்கவேண்டும். கொடுக்காவிட்டால் வேலையை விடவேண்டும். நான் குழுவில் "அது சர்பத்" என்று எழுதினால் மட்டும், அதைக் காட்டி ஊர் வாயை மூடிவிட்டு, அவளை இருக்கவிடுவான்.

அது சர்பத் இல்லை என்று உனக்கே தெரியுமே என்றேன். "எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாம்லா" என்றான்.

அவன் மனைவி செல்வி பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். பாத்திரம் வைக்கும் சத்தம் ஒருமுறை பலமாகக் கேட்டது.

ஜூன் 5, வியாழன்

வானம் மூடிக்கொண்டது. இரண்டு இடி. சொட்டு விழவில்லை.

சாயங்காலம் அபி, ஆபீசிலிருந்து நேராக. லிச்சி வாங்கி வந்திருந்தாள். உரிக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை கேட்டிருக்கிறாள், மேலாளர் சிரித்திருக்கிறார். புதிய அணி, இங்கேயே இருந்தால்தான் வேலை உண்டு.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"சர்பத்துன்னு போட்டுருங்க அத்தை. என்ன போச்சு?"

திருத்தம் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கம், பெட்டி, பிழை. கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் என் பேச்சை எப்போதும் முழுக்கக் கேட்பாள். பிறகு சொன்னாள்:

"நீங்க சொல்றது சரிதான். நீங்க ஜெயிச்சிருவீங்க. ஆனா ரயில்ல நான்லா போறேன்."

மிட்டு-தி கீழே யாரிடமோ ஜாமாய் எப்படி நன்றாகச் சாப்பிட்டான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று அபிக்குத் தெரியும். முதல் வாரம் ஜாதகம் கையில் எடுப்பார்கள். அவள் அதைச் சொல்லவே இல்லை. சொன்னது: "இந்த ஊர்ல எனக்கு ஒரு பஸ் ரூட் தெரியும் அத்தை. எங்க ஏறணும், எங்க எறங்கணும்னு. அங்க அப்பா ஸ்கூட்டர் பின்னாடிதான்."

கிளம்பும்போது ஐஸ் தட்டை நிரப்பி வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 6, வெள்ளி

தூக்கமில்லை, அதனால் தலைவலி. காபிப் பொடி தீர்ந்தது.

சங்கத்து அழைப்பிதழ் புதிதாக வந்தது. "மூத்த பத்திரிகையாளருக்குப் பாராட்டு" இருந்த இடத்தில் "பல்சுவை நிகழ்ச்சி". அவசரத்தில் என் படத்தை எடுக்க மறந்திருக்கிறார்கள். பல்சுவை நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் என் முகம்.

மிட்டு-தி மேலே வந்தாள், ஐஸ் வாங்கிப்போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க. விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. லேக் மார்க்கெட் தமிழர்கள் பேசினால் பாதி தெருவுக்குத் தெரியும். அவள் அன்பானவள். "கோமதி-தி, எதுக்குப் படம் எடுக்கவிட்டாய்? குடிக்கிறது குடி, காட்டாதே" என்றாள். அன்று தன் மாப்பிள்ளைக்கு என்ன ஊற்றிக் கொடுத்தாள் என்று கேட்டேன். விஸ்கி, கந்தராஜ் இலை போட்டு, அவன் அம்மா சொன்னபடி. படம் எடுத்தாளா? எடுத்தாள். குடும்பக் குழுவில் போட்டாளா? போட்டாள், ஜாமாய் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் பார் என்று எல்லோரும்—

அங்கே நிறுத்திக்கொண்டாள். கிண்ணத்தை மேஜையில் வைத்தாள், கொஞ்சம் மெதுவாக.

மாப்பிள்ளை குடித்தால் ஷஷ்டி. மாமாக்கள் குடித்தால் டிக்கி. நான் குடித்தால் வயசுக்கு அழகில்லை. அபி குடித்தால் ரயில். நாலில் ஒன்றிலும் சர்பத் இல்லை.

இவ்வளவு கோபம் இருக்கிறதே, இதை வைத்து என்ன செய்வது? பத்தியாக எழுதலாம். நன்றாக வரும், பாராட்டுவார்கள். திங்கட்கிழமை அபி ஏறும்போது அவள் கையில் கொடுக்கலாம், வழியில் படிக்க.

மத்தியானம் உட்கார்ந்து அவர்கள் கேட்ட திருத்தத்தை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "கடந்த ஞாயிறு நான் செய்தது சர்பத்." பொய்.

இரண்டு: "கடந்த ஞாயிறு நான் செய்த பானத்தைச் சர்பத் என்றும் கொள்ளலாம்." கோழைத்தனம். பொய்யும்.

மூன்று: "அபி குடித்தது மட்டும்..." இதற்குமேல் போகவில்லை. அபி குடித்ததும் அதேதான், ஐஸ் கம்மியாக.

ஒன்றாவதையே வைத்துக்கொண்டேன். பொய் சொல்வதானால் சுருக்கமாக. தலைப்பு "திருத்தம்" என்று போடமாட்டேன் என்று நினைத்தேன். பிறகு வ.ரா.வும் சங்கரனும் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்கள் என்று தோன்றியது. போட்டேன். ஞாயிறு காலை அனுப்பலாம், எல்லோரும் போனும் கையுமாக இருக்கும் நேரம். அபிக்கு மட்டும் சொன்னேன். "தேங்க்ஸ் அத்தை" என்று பதில். இன்னும் என்னவோ டைப் செய்துகொண்டே இருந்தாள், வரவில்லை.

அவளுக்கும் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. அதற்காக அவளை ரயிலேற்ற முடியாது.

ஜூன் 7, சனி

மழை. ஒருவழியாக. பால்கனியில் தண்ணீர், குழாய்க்காரர் வந்தார், வாஷரோடு.

பத்து மணிக்குச் செல்வி போன். அவள் எனக்குத் தனியாகக் கூப்பிட்டதே இல்லை. பொங்கல், தீபாவளிக்குச் சங்கரன் பேசி முடித்தபின் போனை வாங்கி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். அபி விஷயமாக அழப்போகிறாள் என்று நினைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"மதினி, ஒரு சந்தேகம். நார்த்தங்கா தோலக் கிள்ளிப் போட்டா கசக்குமா?"

எனக்குப் புரியவில்லை. எதில் என்றேன்.

"நீங்க செஞ்சதுலதான். அளவெல்லாம் நீங்க சொன்ன மாதிரியே, மருந்து மூடியிலதான் ஊத்துனேன். வாயில வைக்க முடியல மதினி. ஒரே கசப்பு."

சங்கரன் அவளைத் திட்டுவதற்காக அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறான், உன் மகள் லட்சணத்தைப் பார் என்று. அவள் பார்த்திருக்கிறாள். அவன் ஆபீஸ் போனபின் திரும்பவும் பார்த்திருக்கிறாள். மகள் குரல் கேட்பதற்காகத்தான் முதலில் என்றாள். அப்புறம் பாகு எப்படி என்று கவனிக்க.

ஜின்னுக்கு எங்கே போனாள் என்று கேட்டேன்.

"ஜின்னு இல்ல. இவுக பீரோவுல துண்டுக்கு அடியில ஒரு பிராந்தி இருக்கும். சளிக்கின்னு சொல்லுவாக. மழையே இல்லாத ஊர்ல வருஷம் பூராம் சளி."

இதை எழுதும்போதும் சிரிக்கிறேன்.

நேற்றுக் காலை, சங்கரன் காபி குடிக்கும்போது, அவள் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்: நார்த்தங்காய் போட்டால் உங்கள் பிராந்தி கசக்கிறது, அபி எப்படித்தான் குடித்தாளோ. அவன் தம்ளரைக் கீழே வைத்தான். அவளே மேற்கொண்டு சொன்னாள்: அபியைத் திரும்பக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள், வீட்டில் குடிக்கிறவர்கள் மூன்று பேராகிவிடுவோம், பக்கத்து வீட்டில் கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

டிக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலமே கேன்சல் பண்ணிட்டாக. மகராசன், அதுக்கும் எம்மேல ஒரு எரிச்சல்."

நான் நாளை அனுப்பவிருந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மெதுவாகச் சொன்னாள்:

"சர்பத்துன்னு மட்டும் போட்டுராதீங்க மதினி. அப்ப நான் குடிச்சது என்னன்னு ஆகும்?"

கசப்புக்கு வருகிறேன். போனை வைத்ததும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். செல்வி சொன்னது சரி. நார்த்தங்காய் வேறு, கந்தராஜ் வேறு. நார்த்தங்காய்த் தோலை உப்பில் ஊறவைத்துத்தான் வாயில் வைக்கமுடியும். பச்சைத் தோலைக் கிள்ளினால் கசப்பு எண்ணெய்தான் தெறிக்கும். அன்றே சரிபார்க்கவேண்டும் என்று இதே குறிப்பில் எழுதியிருக்கிறேன். செய்யவில்லை.

ஒரு வாரம். இத்தனை பேர். சரியாக இருந்ததைப் பிடித்துக்கொண்டு தப்பு, தப்பு என்று கத்தினார்கள். உண்மையான தப்பு ஒன்று அந்த வீடியோவிலேயே இருந்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் ஒருவரும் செய்து பார்க்கவில்லை. செய்து பார்த்தவள் ஒருத்தி.

ஜூன் 8, ஞாயிறு

இரவெல்லாம் மழை. லேக் மார்க்கெட்டில் கணுக்கால் தண்ணீர். கந்தராஜ் ஆறு, அதில் நாலு செல்விக்கு, கூரியரில். நசுங்காமல் போகுமா தெரியவில்லை, அபி ஆபீசில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

அபி பத்து மணிக்கே வந்துவிட்டாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அவள் அப்பா போனில் பேசினாராம். மழை எப்படி, சாப்பாடு எப்படி. வேறெதுவும் கேட்கவில்லையாம். இவளும் சளி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாளாம். உடனே அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டாராம்.

பழைய வரியை அழித்தேன். புதியதை எழுதிக் குழுவில் போட்டேன்:

"திருத்தம். ஜூன் 1 வீடியோவில் பயன்படுத்திய பழத்தை நார்த்தங்காய் என்று தவறாகக் குறிப்பிட்டேன். அது கந்தராஜ் எலுமிச்சை. நார்த்தங்காய்த் தோல் கசக்கும், பயன்படுத்தவேண்டாம். கந்தராஜ் கிடைக்காத ஊர்களில் சாதாரண எலுமிச்சைத் தோல் போதும். செய்து பார்த்து இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டிய பாளையங்கோட்டை வாசகிக்கு நன்றி. மற்ற விவரங்கள் அனைத்தும் சரி."

முதல் பதில் வ.ரா.விடமிருந்து. நான் போட்ட அரை நிமிஷத்தில், கூப்பிய கைகள் மூன்று, "மிக்க நன்றி மேடம். பெருந்தன்மை." தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பதில் காணாமல் போனது. பிறகு நீர்மோர் அம்மாள் மட்டும், குழுவில் இல்லை, எனக்குத் தனியாக: "பாகுக்கு வெல்லம் போடலாமா?"

அபி திருத்தத்தை இரண்டு முறை படித்தாள். ஜாம் பாட்டிலை நீட்டினேன், குலுக்க ஆரம்பித்தாள்.

"நான் ஐஸ் கம்மின்னு சொன்னேனே அத்தை, அதத் திருத்த வேண்டாமா?"

"அது சரியான தகவல்" என்றேன்.